ஓட்டத்தை உணரும் சுவர்

டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரின் முன்கையில், தோலுக்கடியில் புடைத்து நிற்கும் ரத்தக்குழாயின் மேல் விரலை வைத்தால், உள்ளே ஓர் அதிர்வு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இரைச்சலும் கேட்கும். நோயாளிகளும் நர்சுகளும் இதை 'ஃபிஸ்டுலா' என்கிறார்கள். மணிக்கட்டுக்கு அருகில் ஓடும் தமனியையும் பக்கத்தில் இருக்கும் சிரையையும் அறுவைசிகிச்சையில் நேரடியாக இணைத்துத் தைத்துவிடுவார்கள். 1966-இல் பிரெசியா, சிமினோ முதலிய அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட முறை இது. இன்றும் டயாலிசிஸுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது இதுதான்.

தைத்த அன்றைக்கே அந்தக் குழாயில் ஊசி போட முடியாது. சிரை அப்போது ஒல்லியாக, மெல்லிய சுவரோடு இருக்கும். ஆறு வாரம் பொறுக்க வேண்டும். அதற்குள் குழாய் 6 மில்லிமீட்டர் அகலமாக வேண்டும், நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டர் ரத்தம் ஓட வேண்டும் என்று சிறுநீரக மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். மணிக்கட்டுத் தமனியில் சாதாரணமாக ஓடுவது நிமிடத்துக்கு இருபது முப்பது மில்லிலிட்டர்தான். ஃபிஸ்டுலா தயாராகும்போது அது இருபது மடங்குக்கும் மேல் கூடியிருக்கும்.

தமனியின் அழுத்தம் தாங்காமல் சிரை விரிந்துவிட்டது, அவ்வளவுதானே என்று தோன்றலாம். சிரையைப் பொறுத்தவரை அழுத்தத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் சிரைக்கு ரத்தம் கொடுக்கும் தமனியும் சேர்ந்தே அகலமாகிறது. அதற்குள் இருந்த அழுத்தம் ஏறவே இல்லை. ஏறியது ஓட்டம் மட்டும்தான். அப்படியானால் ரத்தம் முன்னைவிட வேகமாக ஓடுகிறது என்பதை அந்தத் தமனியில் ஏதோ ஒன்று கண்டுகொண்டிருக்கிறது. எவ்வளவு வேகம் என்று அளந்து, அதற்கு ஏற்றபடி சுவரையே மாற்றிக் கட்டச் சொல்லியும் இருக்கிறது.

அளந்தது, குழாயின் உட்புறத்தில் பரவியிருக்கும் ஒற்றை அடுக்குச் செல்கள். மருத்துவத்தில் இந்த அடுக்குக்கு எண்டோதீலியம் என்று பெயர். இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள மகாதமனி முதல், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான தந்துகி வரை, உடலில் உள்ள ஒவ்வொரு ரத்தக்குழாயின் உள்முகமும் இந்தச் செல்களால் ஆனது. பெரும்பாலான இடங்களில் இவற்றின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. நீண்ட காலம் இது வெறும் உறை, ரத்தம் கசியாமல் காக்கும் படலம் என்றே பாடப்புத்தகங்கள் எழுதி வந்தன.

ஓடும் ரத்தம் சுவரின் மேல் இரண்டு விதமான விசைகளைச் செலுத்துகிறது. உள்ளங்கையை மேசைமேல் வைத்து நேராகக் கீழே அழுத்துங்கள்: அது அழுத்தம். பிறகு அழுத்தாமல், கையை மேசையோடு ஒட்டியபடி முன்னால் இழுங்கள்: அது உரசல். பி.பி. பார்க்கும்போது நாம் அளப்பது முதல் விசையை. இரண்டாவதை எந்த மருத்துவமனையிலும் வழக்கமாக அளப்பதில்லை.

அளக்காததற்குக் காரணமும் உண்டு. இரண்டின் அளவுகளுக்கும் இடையே அவ்வளவு தூரம். ரத்த அழுத்தம் 120 என்றால் அது ஏறக்குறைய 16,000 பாஸ்கல், 1.6 மீட்டர் உயர நீர்த்தூண் தரையில் செலுத்தும் அழுத்தம். பெரிய தமனிகளில் உரசல் விசை சராசரியாக ஒன்றரை பாஸ்கல் அளவில்தான் இருக்கும். அதை நீரின் உயரமாகச் சொன்னால் 0.15 மில்லிமீட்டர். அதாவது, பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இருதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் சுவரை மோதித் தள்ளும் அந்தப் பெரிய விசைக்கு நடுவில், இவ்வளவு மெல்லிய உரசலை இந்தச் செல்கள் தனியே பிரித்து உணர்கின்றன.

அது முடிவதற்கு ஒரு காரணம் அவை இருக்கும் இடம். அழுத்தத்தின் சுமையைச் சுவரின் தசையும் நார்களும் சேர்ந்து தாங்குகின்றன. உரசல் விசை விழுவது ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒற்றை அடுக்கின் மேல் மட்டும்தான். உடலில் இந்த விசையை நேரடியாக ஏற்பதும், ஓட்டம் எப்படி இருக்கிறது என்பதைச் சுவரின் மற்ற பகுதிகளுக்குச் சொல்வதும் இவைதான்.

ஓட்டத்துக்கும் குழாயின் அளவுக்கும் உறவு உண்டு என்பது செல்லைப் பற்றித் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்திருந்தது. ஜெர்மானிய நோயியலாளர் ரிச்சர்ட் தோமா கோழிக் கருவில் ரத்தக்குழாய்கள் உருவாவதைக் கவனித்து, 1893-இல் தன் முடிவை எழுதினார். தொடக்கத்தில் கருவில் இருப்பது ஒரே மாதிரியான சிறு குழாய்களின் வலைப்பின்னல். ரத்தம் வேகமாக ஓடும் குழாய்கள் பெரிதாகின்றன. ஓட்டம் குறைந்தவை சுருங்கி மறைகின்றன. எந்தக் குழாய் நிலைக்க வேண்டும் என்பதை அதில் ஓடும் ரத்தமே தீர்மானிக்கிறது.

1926-இல் அமெரிக்க உடலியங்கியலாளர் சிசில் மர்ரே இதற்கு ஒரு கணக்கைச் சொன்னார். ரத்தத்தைத் தள்ளும் செலவும் ரத்தத்தைப் பராமரிக்கும் செலவும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்க வேண்டுமானால், குழாயில் ஓடும் அளவு அதன் ஆரத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும். ஓட்டம் எட்டு மடங்கானால் ஆரம் இரண்டு மடங்காக வேண்டும். இருபத்தேழு மடங்கானால் மூன்று மடங்கு. இந்தக் கணக்குக்குள் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. சுவரின் மேல் விழும் உரசல் விசையும் ஓட்டத்தை ஆரத்தின் மும்மடியால் வகுத்தால் கிடைப்பதுதான். ஆக, மர்ரேயின் விதிப்படி அமைந்த தமனி மரத்தில், கிளைக்குக் கிளை குழாயின் அளவு மாறினாலும் உரசல் மட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். மரத்தின் முழு வடிவமும் எந்தச் செல்லுக்கும் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு செல்லும் தன் மேல் விழும் உரசலை ஒரே அளவில் வைத்துக்கொள்ளப் பார்த்தால் போதும். மரம் தானாகவே சரியான வடிவத்துக்கு வந்துவிடும். ஃபிஸ்டுலாவின் தமனி அகலமாவதும் இதே கணக்கின்படிதான்.

அப்படியென்றால் செல் எதைச் செய்து குழாயை விரிக்கிறது? இதற்கான விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் மருந்தியல் ஆய்வாளராக இருந்த ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் மகாதமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். உடலுக்குள் அது ரத்தக்குழாயைத் தளர்த்தும். அவருடைய ஆய்வகத்தில் வெட்டிவைத்த துண்டுகளோ இறுகின. பிறகு ஒரு சமயம் துண்டுகள் தளர்ந்தன. வித்தியாசம் எங்கே என்று தேடியபோது, துண்டு தயாரிக்கும்போது அதன் உட்புறம் எதன்மீதாவது தேய்ந்ததா இல்லையா என்பதில்தான் இருந்தது. தேய்ந்தால் எண்டோதீலியம் உதிர்ந்துவிடும். அதோடு தளரும் தன்மையும் போய்விடும்.

இதை உறுதிசெய்ய அவர் செய்த சோதனை மிக எளிமையானது. எண்டோதீலியம் நீக்கிய துண்டு ஒன்று, எண்டோதீலியம் உள்ள துண்டு ஒன்று. இரண்டின் உட்புறமும் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்துவைத்தார். அசிட்டைல்கோலின் சேர்த்ததும், தனியாக இருந்தபோது தளராத அந்த முதல் துண்டும் தளர்ந்தது. பக்கத்துத் துண்டின் செல்களிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து வந்து அதன் தசையைத் தளர்த்தியிருக்கிறது. ஃபர்ச்காட்டும் ஸவாட்ஸ்கியும் இதை 1980-இல் வெளியிட்டார்கள்.

அந்த 'ஏதோ ஒன்று' நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு. வாகனப் புகையில் இருக்கும் அதே வாயு, ஒரு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் மட்டும் கொண்ட சின்னஞ்சிறு மூலக்கூறு, உடலுக்குள் செய்தி சொல்லும் வேலையைச் செய்கிறது என்பதை நம்பவே பலருக்குத் தயக்கமாக இருந்தது. 1986-இல் ஃபர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியே அப்படிச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு லண்டனில் சால்வடார் மொன்காடாவின் குழு அதை அளந்து காட்டியது. 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரேட் மாத்திரை வேலை செய்வதும் இந்த வழியில்தான்.

அசிட்டைல்கோலின் ஆய்வகத்தில் பயன்பட்ட தூண்டுதல். உடலுக்குள் எண்டோதீலியத்தை நாள் முழுக்கத் தூண்டிக்கொண்டிருப்பது ரத்தத்தின் உரசல். உரசல் கூடிய சில விநாடிகளிலேயே செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, நைட்ரிக் ஆக்ஸைடு உற்பத்தியாகிறது, அது வெளியே கசிந்து சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது, குழாய் விரிகிறது, உரசல் மறுபடி பழைய அளவுக்கு இறங்குகிறது. மாடிப்படி ஏறும்போது தொடைத் தசைக்குப் போகும் தமனிகளில் இது நடந்துகொண்டிருக்கும். நமக்கு எதுவும் தெரிவதில்லை.

உரசலை எந்த உறுப்பைக் கொண்டு செல் உணர்கிறது என்பது இன்னும் கடினமான கேள்வியாக இருந்தது. கண்ணுக்கு விழித்திரை இருப்பதுபோல இதற்கென்று ஒரே ஓர் உணர்வி இல்லை, பல இருக்கின்றன. செல்லின் மேற்பரப்பில், ரத்தத்தை நோக்கி நீட்டிக்கொண்டு, சர்க்கரைச் சங்கிலிகளாலான அடர்ந்த படலம் ஒன்று இருக்கிறது. ரத்தம் முதலில் தொடுவது இதைத்தான். 2003-இல் ஆய்வாளர்கள் ஒரு நொதியைக் கொண்டு இந்தச் சங்கிலிகளில் ஒரு வகையை மட்டும் வெட்டியெடுத்தார்கள். செல்கள் உயிரோடுதான் இருந்தன. ஆனால் எவ்வளவு ஓட்டம் கொடுத்தாலும் நைட்ரிக் ஆக்ஸைடைக் கூட்டவில்லை.

இரண்டாவது உணர்வி செல்லும் செல்லும் சேரும் எல்லையில் இருக்கிறது. 2005-இல் எல்லி ட்ஸிமா, மார்ட்டின் ஷ்வார்ட்ஸ் குழுவினர், அங்கே மூன்று புரதங்கள் ஒரு கூட்டாக வேலை செய்வதைக் காட்டினார்கள். அந்த மூன்றையும், ஓட்டத்தைச் சட்டையே செய்யாத வேறு வகைச் செல்களுக்குள் புகுத்தினார்கள். அந்தச் செல்களும் ஓட்டத்துக்கு எதிர்வினை காட்டத் தொடங்கின.

மூன்றாவதன் கதை சான் டியாகோவில் நடந்தது. ஆர்டெம் படபூட்டியனின் ஆய்வகத்தில் பெர்ட்ராண்ட் கோஸ்ட், நுண்ணிய கண்ணாடிக் குச்சியால் குத்தினால் சிறு மின்னோட்டம் எழுப்பும் செல் வகை ஒன்றை எடுத்துக்கொண்டார். அந்த மின்னோட்டத்துக்குக் காரணமாக இருக்கக்கூடிய 72 மரபணுக்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் செல்லைக் குத்திப் பார்த்தார். 71 மரபணுக்களை அணைத்தும் மின்னோட்டம் நிற்கவில்லை. பட்டியலின் கடைசி மரபணுவை அணைத்தபோது நின்றது. 2010-இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பில் அதற்கு பீஸோ1 என்று பெயர் வைத்தார்கள். 2021-இல் படபூட்டியனுக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பீஸோ1, செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு பெரிய புரதம். மூன்று சம பாகங்கள் சேர்ந்து ஆனது. மேலிருந்து பார்த்தால் நம் வீட்டுக் கூரையில் தொங்கும் மூன்று இறக்கை மின்விசிறி மாதிரியே இருக்கும். இறக்கைகள் வளைந்திருப்பதால் சுற்றியுள்ள சவ்வும் குழிந்திருக்கும். சவ்வு இழுபடும்போது அந்த வளைவு தட்டையாகிறது. நடுவில் உள்ள துளை திறக்கிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. உரசல் என்ற விசை, செல்லுக்குப் புரியும் வேதிச் செய்தியாக மாறுவது அந்தக் கணத்தில். இங்கிலாந்தின் லீட்ஸில் டேவிட் பீச் குழுவினர் 2014-இல், பீஸோ1 இல்லாத எண்டோதீலியச் செல்கள் ஓட்டத்தின் திசையில் வரிசைப்படுவதில்லை என்று காட்டினார்கள். இந்த மரபணு இல்லாத எலிக் கருக்கள் பிறப்பதே இல்லை. அவற்றின் ரத்தக்குழாய்கள் ஒழுங்காக அமையாமல், கரு வளர்ச்சியின் நடுவிலேயே இறந்துவிடுகின்றன.

விநாடிகளில் தொடங்கும் இந்த எதிர்வினை அங்கேயே முடிவதில்லை. ஓட்டம் மணிக்கணக்கில் ஒரே சீராக இருந்தால், கே.எல்.எஃப்.2 என்ற மரபணு விழிக்கிறது. அழற்சியை அடக்கும், ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் பல மரபணுக்களை அது இயக்குகிறது. ஓரிரு நாட்களில் செல்லின் உருவமே மாறுகிறது. 1981-இல் எம்.ஐ.டி.யின் ஃபோர்ப்ஸ் டூயியும் ஹார்வர்டின் மைக்கேல் கிம்ப்ரோனும் அவர்களுடைய சகாக்களும், தட்டில் வளர்த்த எண்டோதீலியச் செல்களின் மேல் தட்டையான கூம்பு ஒன்றைச் சுழலவிட்டு, திரவம் சீராக ஓடும்படி செய்தார்கள். ஓட்டம் தொடங்கும் முன் செல்கள் எந்தத் திசையும் இல்லாத பலகோணங்களாக இருந்தன. இரண்டு நாட்களுக்குள் அவை நீண்டு, எல்லாம் ஓட்டத்தின் திசையைப் பார்த்துத் திரும்பி நின்றன. மகாதமனியின் நேரான பகுதியில் உள்ள செல்களும் இப்படித்தான் இருக்கும்.

தனக்கு ஏற்ற உரசல் எது என்பதையும் செல் தனக்குள் வைத்திருக்கிறது. நிணநீர் நாளங்களில் ஓட்டம் மெதுவானது. அங்குள்ள செல்கள் மிகக் குறைந்த உரசலுக்கே சீராக வரிசைப்படும். 2015-இல் ஷ்வார்ட்ஸின் குழு, இந்த அளவைத் தீர்மானிப்பதில் செல்லின் மேல் உள்ள குறிப்பிட்ட ஒரு புரதத்தின் அளவுக்கு முக்கியப் பங்கு உண்டு என்று கண்டது. உரசல் அந்த அளவில் இருக்கும்வரை செல் அமைதியாக இருக்கும். கூடினாலோ குறைந்தாலோ, குழாயை மாற்றும் வேலையைத் தொடங்கிவிடும்.

தமனி அடைப்பைப் பற்றிய ஒரு பழைய புதிர் இந்த இடத்தில்தான் அவிழ்கிறது. கொலஸ்ட்ரால், சர்க்கரை, புகையிலை, உயர் ரத்த அழுத்தம் எல்லாம் அடைப்புக்குக் காரணம் என்று நாம் அறிவோம். ஆனால் ஒரே ரத்தம்தான் எல்லாத் தமனிகளிலும் ஓடுகிறது. கொழுப்பும் சர்க்கரையும் உடல் முழுக்க ஒரே அளவில்தான் சுற்றுகின்றன. அப்படியிருந்தும் கொழுப்புப் படிவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருவதில்லை. இருதயத் தமனிகள் பிரியும் இடங்கள், கழுத்தில் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடம், வளைவுகளின் உட்புறம் என்று சில இடங்களையே அது தேர்ந்தெடுக்கிறது. இரண்டு விரற்கடை தள்ளியுள்ள சுவர் சுத்தமாக இருக்கும்.

1968-இல் அமெரிக்காவின் டொனால்ட் ஃபிரை, அளவுமீறிய உரசல் எண்டோதீலியத்தைச் சிதைக்கிறது என்று காட்டியபோது, படிவுக்கும் அதுவே காரணம் என்று பலரும் நினைத்தார்கள். அடுத்த ஆண்டே லண்டனில் காலின் கேரோவும் சகாக்களும் நேர்மாறாகச் சொன்னார்கள்: மனிதத் தமனிகளில் ஆரம்பப் படிவுகள் இருப்பது உரசல் குறைந்த இடங்களில். 1985-இல் கூ, கிடன்ஸ், ஸாரின்ஸ், கிளாகோவ் ஆகியோர், பிரேதப் பரிசோதனையில் எடுத்த கரோட்டிட் தமனிகளின் சுவரையும், அதே வடிவ மாதிரிக் குழாயில் அளந்த ஓட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தமனி பிரியும் இடத்தில் ரத்தம் நேராக வந்து மோதும் உட்சுவரில் உரசல் அதிகம். அங்கே படிவு மிகக் குறைவு. எதிர்ப்புறத்து வெளிச்சுவரில் குழாய் சற்றே உப்பியிருக்கும். அங்கே ரத்தம் தயங்கி, ஒவ்வொரு துடிப்பிலும் முன்னும் பின்னுமாக அலையும். படிவு தடித்திருந்தது அங்கேதான்.

அந்த வெளிச்சுவரில் இருக்கும் செல்லின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஒரு கணம் உரசல் இந்தத் திசையில். மறு கணம் எதிர்த்திசையில். எந்தப் பக்கம் நீள்வது என்று முடிவுசெய்ய வழியில்லாமல், அது பலகோணமாகவே நின்றுவிடுகிறது. கே.எல்.எஃப்.2 அடங்கிவிடுகிறது. அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் கண்விழிக்கின்றன. செல்களுக்கு இடையே உள்ள கட்டு தளர்ந்து, கொழுப்புத் துகள்கள் சுவருக்குள் புக வழி கிடைக்கிறது, வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. கொலஸ்ட்ராலும் புகையும் உடல் முழுக்க விதைக்கும் தீங்கு முதலில் முளைப்பது, ஓட்டத்தின் சேதி குழம்பிப்போன இந்தத் திட்டுகளில்தான்.

ஓட்டத்தின் உரசல் கருவிலேயே தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. 2009-இல் வெளியான இரு ஆய்வுகளின்படி, வாழ்நாள் முழுக்க ரத்த அணுக்களைத் தரும் மூலச்செல்கள் உருவாவதற்கே அது தேவைப்படுகிறது. இருதயம் துடிக்காத வரிக்குதிரை மீன் கருக்களில் இந்த மூலச்செல்கள் மிகக் குறைவு. நைட்ரிக் ஆக்ஸைடு தரும் மருந்தைக் கொடுத்தபோது அவை மறுபடி தோன்றின.

நம் எண்டோதீலியச் செல்கள் நலமாக இருக்கின்றனவா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. முன்கையில் பி.பி. பட்டையைக் கட்டி, ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, பட்டையைத் தளர்த்துவார்கள். தேங்கி நின்ற ஓட்டம் ஒரேயடியாகப் பாயும், உரசல் எகிறும். மேற்கைத் தமனி ஒரு நிமிடத்தில் எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். ஆரோக்கியமானவருக்கு அது பல சதவீதம் விரியும். 1992-இல் லண்டன் மருத்துவர்கள் இந்த முறையில், எந்த அறிகுறியும் இல்லாத புகைப்பவர்களையும், பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்த குழந்தைகளையும் சோதித்தார்கள். இரு சாராரிடமும் விரிவு குறைந்திருந்தது. அடைப்பு கண்ணுக்குத் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, செல்களின் உணர்வு மங்கத் தொடங்கிவிடுகிறது.

அதே சோதனை நம்பிக்கையும் தருகிறது. 2015-இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில், ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் உட்காரவைத்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் தமனியின் விரியும் திறன் வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. பிறகு பத்து நிமிடம் நடக்கச் சொன்னார்கள், திறன் திரும்பிவிட்டது. மடங்கிய காலில் ஓட்டம் மந்தமாகும்போது செல்கள் சோர்கின்றன. நடையில் ஓட்டம் பெருகும்போது, அதன் உரசலை வாங்கி மறுபடி தெளிகின்றன.

நடந்தால் இருதயத்துக்கு நல்லது என்று எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். கொழுப்பு கரையும், எடை குறையும் என்பதைக் காரணமாகக் கேட்டுப் பழகிவிட்டோம். அவை மெய்தான், ஆனால் அவற்றுக்கு மாதங்கள் ஆகும். எழுந்து நடக்கத் தொடங்கிய சில விநாடிகளிலேயே தொடங்கிவிடும் பலன் ஒன்று, ரத்தக்குழாயின் உள்முகத்தில் இருக்கிறது. அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை இருக்கிறது. கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின், கே.எல்.எஃப்.2-ஐயும் ஓரளவு தூண்டுகிறது. பீஸோ1-ஐத் திறக்கும் வேதிப்பொருள்களை ஆய்வகங்கள் பரிசோதித்துவருகின்றன. ஆனால் தமனி முழுக்கச் சீரான ஓட்டத்தைப் பாயவிட்டு, ஒவ்வொரு செல்லையும் தன் வேலைக்கு எழுப்பும் மருந்து இதுவரை எந்தக் கடையிலும் இல்லை. உட்கார்ந்து வேலை செய்யும் ஒவ்வொருவரும் மணிக்கொருமுறை எழுந்து நடப்பது, இப்போதைக்கு அதற்கு நம்மிடம் இருக்கும் நேரடி வழி.